மது சுற்றி வரும் மேசை

 



சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள். மயிலாப்பூர் பக்கம் நாம் இமாமாகப் பணி செய்யும் பள்ளிவாசலில் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்தனர். தூண் ஓரமாக ஒரு வாலிபர் காத்திருந்தார். அடையாறு பக்கத்தில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை. ஐவேளையும் பேணித் தொழுபவர். அருகில் வந்து மெல்லக் கேட்டார்:

"ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல எல்லாரும் தி. நகர்ல ஒரு ஹோட்டலுக்குப் போறாங்க. ஜெர்மன் மாதிரி தோட்டத்துல மேசை போட்டு, பியரும் சாப்பாடுமா இருக்கும். நான் குடிக்கப் போறதில்ல. எலுமிச்சை ஜூஸ் மட்டும்தான். போகலாமா?"

நாம் அன்று களைத்திருந்தோம். அது காரணமாகுமே தவிர நியாயமாகாது. "சாராயக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு ஜூஸ் குடிக்கிறேன் என்றால் எவன் நம்புவான்? இதையெல்லாம் பள்ளிவாசலில் வந்து கேட்கிறாயே!" என்று நான்கு பேர் காதில் விழும்படிச் சொல்லிவிட்டோம். அவர் தலைகுனிந்து போய்விட்டார். அடுத்த மூன்று ஜும்ஆக்களில் அவரைக் காணவில்லை.

நான்காவது வாரம் அவருடைய அத்தா வந்தார். அவர் சொன்னதைக் கேட்டபின்தான் இக்கட்டுரையை எழுத வேண்டும் என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று. அவர் சொன்னது என்ன என்பதைப் பின்னர் கூறுகின்றோம். முதலில் மஸ்அலாவைப் பார்ப்போம். ஏனெனில் இது ஒரு வாலிபரின் கேள்வி அல்ல. சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூ கார் தொழிற்சாலை 2007-லும், ஒரகடத்தில் டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும் தொடங்கின. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் மொழி படித்து அந்நாட்டுக்கே செல்லும் பிள்ளைகளும் நம் வீடுகளில் உண்டு. இன்று அவர் கேட்டதை நாளை நம் வீட்டுப் பிள்ளை கேட்கும்.

தோட்டத்தின் கதை

நம் தமிழில் இப்பானத்தைப் 'பீர்' என்றும் எழுதுவர். ஆனால் பீர் முஹம்மது என்று நம் பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கும் கண்ணியமான பெயரோடு அது கலந்துவிடக் கூடாது என்பதற்காகப் 'பியர்' என்றே எழுதுகின்றோம்.

ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவில் கோடைக்காலத்தில் பியர் காய்ச்சுவதற்கு 16-ஆம் நூற்றாண்டிலிருந்து தடை இருந்தது. ஆகவே குளிர்காலத்திலேயே காய்ச்சி, பூமிக்கடியில் தோண்டிய கிடங்குகளில் சேமித்தனர். கிடங்கு குளிர்ச்சியாக இருக்க மேலே சரளைக்கல் பரப்பி, அகன்ற இலைகளையுடைய மரங்களை நட்டனர். அந்த மரநிழலில் மேசைகளைப் போட்டு விற்கத் தொடங்கியதே பியர் தோட்டமாயிற்று. உணவு விடுதிக்காரர்கள் தங்கள் வியாபாரம் கெடுவதாக முறையிடவே, 1812-ல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் ஜோசப், கிடங்குக்காரர்கள் பியரும் ரொட்டியும் மட்டுமே விற்கலாம் என்று ஆணையிட்டார். மக்கள் தங்கள் உணவைத் தாங்களே கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வழக்கம் அங்குள்ள பழைய தோட்டங்களில் இன்றும் உண்டு. மூனிச் நகரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அமரக்கூடிய தோட்டங்கள் இருக்கின்றன. நீண்ட மேசை, அறிமுகமில்லாதவரும் பக்கத்தில் வந்து அமர்வார், குவளை ஒரு லிட்டர் கொள்ளும். 1810-ல் ஓர் இளவரசரின் திருமணத்தை ஒட்டித் தொடங்கிய அவ்வூர் அக்டோபர் விழாவைப் பின்பற்றியே, உலகெங்கும் பெரிய ஹோட்டல்கள் அம்மாதத்தில் இத்தகைய விருந்துகளை நடத்துகின்றன.

இதை எதற்காகச் சொல்கின்றோம் என்றால், அங்கே போகிறவர்கள் எல்லோரும் குடித்துப் புரள்வதற்காகவே போகிறார்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது. குடும்பத்தோடு வந்து பேசிச் சிரித்து உண்டு செல்வதே அவர்களது வழக்கம். ஆகவேதான் நம் பிள்ளைகளுக்கு அதில் தவறு தெரிவதில்லை. டாஸ்மாக் கடை வாசலில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிற அதே பிள்ளை, வண்ண விளக்கும் மரமேசையும் உள்ள தோட்டத்தில் கூசுவதில்லை. இடம் அழகாகிவிட்டால் பானத்தின் சட்டம் மாறிவிடுமா? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

பியரும் மதுவே

"குர்ஆனில் தடுக்கப்பட்ட கம்ர் என்பது திராட்சை மது அல்லவா? பியர் வாற்கோதுமையில் செய்வதாயிற்றே! அதில் போதை ஐந்து சதவிகிதம்தானே?" என்று படித்த பிள்ளைகள் சிலர் கேட்கின்றனர்.

சகோதரர்களே! இந்தக் கேள்வி புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, அங்கே காய்ச்சப்படும் இரண்டு பானங்களைப் பற்றி அவர்கள் வினவினார்கள். ஒன்று தேனில் செய்யும் 'பித்வு'. மற்றொன்று வாற்கோதுமையில் செய்யும் 'மிஸ்ர்'. போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். புகாரியில் இடம்பெற்ற ஹதீஸ் இது. வாற்கோதுமைப் பானம் என்பது வேறென்ன? 1516-ல் பவேரியாவில் இயற்றப்பட்ட புகழ்பெற்ற பியர்ச் சட்டம், வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்கலாகாது என்று கூறுகின்றது. அந்தச் சட்டம் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்பானத்திற்கு மதீனாவிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, மது ஐந்து பொருள்களிலிருந்து செய்யப்படுவதாகவும், அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்றும் விளக்கியபோது, அந்த ஐந்தில் வாற்கோதுமையையும் எண்ணிச் சொன்னார்கள். அதிகம் அருந்தினால் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் ஹராம் என்ற ஹதீஸும் உண்டு. ஆகவே 'ஐந்து சதவிகிதம்தானே' என்ற வாதம் நிற்காது. ஷாஃபிஈ மத்ஹபில் இதில் ஐயமே இல்லை. ஹனஃபி மத்ஹபில் திராட்சை, பேரீச்சை அல்லாத பானங்களின் சிறிய அளவு பற்றி முற்காலத்தில் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் போதை தரும் பானம் எதுவாயினும் குறைவும் நிறைவும் ஹராமே என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின் மீதே அந்த மத்ஹபில் ஃபத்வா உள்ளது. ஏட்டில் கண்ட பழைய கருத்தை எடுத்துக்கொண்டு குவளையைத் தூக்க வழியில்லை.

வாற்கோதுமை மீது நமக்கு வெறுப்பு உண்டோ? இல்லவே இல்லை! பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் உண்ணப்பட்டது வாற்கோதுமை ரொட்டிதான். அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது அவர்களின் போர்க்கவசம் அடகில் இருந்தது. குடும்பத்திற்காக வாங்கிய முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக! துக்கத்தில் இருப்போருக்கும் நோயாளிக்கும் மாவும் தேனும் கலந்த 'தல்பீனா' என்னும் கஞ்சியைக் கொடுக்கச் சொல்வார்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். நம் வீடுகளிலும் வெயில் காலத்தில் பார்லித் தண்ணீர் காய்ச்சுகிறோம். தானியம் அல்லாஹ்வின் நிஃமத். அதைப் புளிக்க வைத்து அறிவை மறைப்பதாக ஆக்குவது மனிதனின் கை வேலை.

குடிக்காதவரின் நாற்காலி

இனி அந்த வாலிபரின் உண்மையான கேள்விக்கு வருவோம். அவர் குடிக்கலாமா என்று கேட்கவில்லை. குடிக்காமல் உட்காரலாமா என்றே கேட்டார்.

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர், மது சுற்றி வரும் மேசையில் அமர வேண்டாம் என்ற பொருளில் நபிமொழி வந்துள்ளது. திர்மிதீ முதலிய நூல்களில் காணலாம். இங்கே குடிப்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அமர்பவரைப் பற்றித்தான் பேச்சு. அந்நிஸா அத்தியாயத்தின் 140-ஆவது வசனமும், அல்லாஹ்வின் வசனங்கள் கேலி செய்யப்படும் சபையில் உடனிருப்பவர் அவர்களைப் போன்றவரே ஆவார் என்று எச்சரிக்கின்றது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் மது அருந்திய கூட்டத்தார் பிடித்து வரப்பட்டபோது, அவர்களுள் ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. அவரையும் அவர்கள் தண்டிக்காமல் விடவில்லை. இதே வசனத்தையே ஆதாரமாக ஓதினார்கள் என்று தஃப்ஸீர் நூல்களில் காண்கின்றோம்.

இதில் இன்னொன்றும் உண்டு. மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டுள்ளனர் என்ற ஹதீஸில், குடிப்பவரோடு பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், வாங்குபவர் ஆகியோரும் எண்ணப்படுகின்றனர். இன்று இத்தகைய விருந்துகளில் என்ன நடக்கிறது? குவளையைக் கை மாற்றி அடுத்தவருக்கு நீட்டுகிறோம். முடிவில் பில் வருகிறது. பத்துப் பேரும் சமமாகப் பங்கு போடுகிறோம். எலுமிச்சை ஜூஸ் குடித்தவரின் பணமும் பியருக்குப் போகிறது! 'நான் தொடவே இல்லை' என்று சொல்லும் நாக்கு உண்மையே பேசுகிறது. பணப்பை வேறு சொல்கிறது.

உணவையும் கவனிக்க வேண்டும். ஜெர்மன் உணவில் சாஸேஜ் வகைகள் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்தவை. வெளிப் பார்வைக்குத் தெரியாது. வறுத்த இறைச்சித் துண்டாகிய ஷ்னிட்ஸல் கோழியாகவே இருந்தாலும், அறுத்த முறை என்ன, வறுத்த எண்ணெயில் வேறு எது வறுபட்டது என்று கேட்டாக வேண்டும். மீனையும் வெங்காயத்தையும் பியர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிப்பதுண்டு. பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் அசல் ஜெர்மன் செய்முறையில் செர்ரிப் பழச் சாராயம் சேர்கிறது. 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதிய பியரிலும் 0.5 சதவிகிதம் வரை இருக்க ஜெர்மன் நாட்டில் அனுமதி உண்டு. புளிக்க வைக்காத மால்ட் பானம் ஹலாலே. ஆனால் பியர் புட்டியின் தோற்றத்தில், பியர் அருந்தும் மேசையில் அதைக் கையில் ஏந்துவது சந்தேகத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மூன்று நிலைகள்

ஆயினும் எல்லா நிலையும் ஒன்றல்ல. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று: மது பரிமாறப்படும் என்று முன்பே தெரிந்த விருந்து. அதற்குப் போகாமல் இருப்பதே சட்டம். விருந்துக்குப் போன இடத்தில் பாவமான காரியத்தைக் கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை விவரிக்கும் ஹிதாயா என்னும் ஹனஃபி நூல், முன்கூட்டியே தெரிந்தால் போகக் கூடாது என்றே கூறுகின்றது.

இரண்டு: தெரியாமல் போய்விட்டோம்; உட்கார்ந்தபின் குவளைகள் வருகின்றன. அந்த மேசையிலேயே மது வந்துவிட்டால் எழுந்துவிட வேண்டும். சண்டையிட வேண்டியதில்லை, முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. "எனக்கு அனுமதி கொடுங்கள், நாளை சந்திப்போம்" என்று சொன்னால் போதும்.

மூன்று: வெளிநாட்டில் பயணி. ஜெர்மனியில் பியர் விற்காத சாப்பாட்டுக் கடை அரிது. அங்கே ஹலால் உணவு தேடுவோருக்கு அல்லாஹ் ஒரு வழி வைத்திருக்கின்றான். 1961-ல் ஏற்பட்ட தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பின் பெருந்தொகையான துருக்கிய முஸ்லிம்கள் அங்கே குடியேறினர். பெரிய ஊர்களில் அவர்களுடைய கடைகளைக் காணலாம். அதுவும் கிடைக்காத இடத்தில், தேவையின் அளவுக்கு, மது இல்லாத தனி மேசையில் அமர்ந்து ஹலாலான உணவை உண்டு எழுவதற்கும், மது சுற்றும் மேசையில் கூட்டாளியாக அமர்வதற்கும் வேறுபாடு உண்டு. தமக்கு நேர்ந்த நிலையை அருகிலுள்ள ஆலிம்களிடம் கூறித் தெளிவு பெறுவது நலம்.

எம்முடைய தவறு

இப்போது அந்த அத்தா சொன்னதைக் கூறுகின்றோம். மகன் விருந்துக்குப் போனார். பியரைத் தொடவில்லை. ஆனால் எல்லோரும் குவளையை உயர்த்தியபோது அவரும் தம் ஜூஸ் டம்ளரை உயர்த்தினார். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மேசை நிறைய பியர்க் குவளைகள். நடுவில் இவருடைய சிரித்த முகம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் அங்க உட்காரலாம்னா நானும் உட்காரலாம்தானே அத்தா?" என்று கேட்டானாம்.

அந்தப் பெரியவர் கண் கலங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், பெரியவன் குடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். சின்னவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மேசையில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் தடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நாம் எந்தக் கிதாபிலும் ஓதியதில்லை. குடிக்காதவரின் நாற்காலி அடுத்தவருக்கு வழி காட்டிவிடுகிறது.

ஆனால் பழி முழுவதும் அந்த வாலிபர் மீதா? எம்மிடம் கேட்கத்தானே வந்தார்! போகுமுன் மார்க்கத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றிய உள்ளம் அது. மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரை மற்றவர்கள் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் தடுத்தார்கள் கருணை நபி (ஸல்) அவர்கள். குடித்தவருக்கே அந்த இரக்கம்! குடிக்காமல் இருக்க வழி கேட்டு வந்தவரிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்?

மதுவிலக்கும் ஒரே நாளில் வரவில்லை. முதலில் அதில் தீமை மிகுதி என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்று. அதன் பின்னரே முற்றான தடை. உள்ளங்கள் பக்குவப்பட்டிருந்ததால், தடையை அறிவிக்கும் குரல் கேட்டபோது அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் பானம் ஊற்றிக் கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அப்படியே அதைக் கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் அது ஓடிற்று. பக்குவப்படுத்தும் பணி ஆலிம்களுடையது, பெற்றோருடையது. அதைச் செய்யாமல் தடையை மட்டும் உரக்கச் சொன்னால் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். செய்வதை நிறுத்த மாட்டார்கள்.

மறுநாள் நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய அம்மா தேநீர் கொடுத்தார்கள். "தம்பி, நாம் சொன்ன சட்டம் சரி, சொன்ன விதம் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போக வேண்டாம்னு சொன்னீங்க ஹஜ்ரத். போகாம எப்படி இருக்கறதுன்னு சொல்லல" என்றார். நியாயமான வார்த்தை! மேலே எழுதியவற்றையெல்லாம் அன்று அவரோடு உட்கார்ந்து பேசினோம். தம்பியையும் அழைத்து அருகில் உட்கார வைத்துக்கொண்டோம்.

இந்த ஆண்டு அதே அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம். இவர் ஒரு வாரம் முன்பே தம் ஜெர்மன் மேலதிகாரியிடம் சென்று, "மது உள்ள மேசையில் அமர எங்கள் மார்க்கம் அனுமதிப்பதில்லை. பகல் சாப்பாடாக வைத்தால் நானும் வருவேன், ஏற்பாட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறியிருக்கிறார். அவர் வியப்போடு, "போன முறை வந்து சிரித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய்! உனக்கு ஆட்சேபணை இல்லை என்றல்லவா நினைத்தேன்?" என்றாராம். பார்த்தீர்களா? நாம் பேசாமல் அமர்ந்தால் அது சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வாய் திறந்து பணிவோடு சொன்னபோது அவர் மறுக்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு பிரியாணிக் கடையில் பதினான்கு பேர் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் இத்தகைய அழைப்போடு வந்தால் கோபிக்காமல் கேளுங்கள். 'போகாதே' என்பதோடு, என்ன சொல்லித் தவிர்ப்பது, பதிலாக எங்கே அழைப்பது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அவர்களுடைய நண்பர்களை அழையுங்கள். வாலிபர்களே! உங்கள் குவளையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் அமர்ந்திருக்கும் மேசையை உங்கள் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் மேசைகளை ஹலாலால் நிரப்புவாயாக! வழி கேட்டு வருவோருக்கு வாசலைச் சாத்தாத நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.